விஎம்ஏ தொழில்நுட்ப விருது வாங்கிய வீடியோக்கள்: எதை எடுத்து, எப்படிப் பார்ப்பது?

தனிப்பாடல்குழு (கேள்வி):

வணக்கம். சுயாதீனப் பாடல்களுக்கு வீடியோ எடுக்கும் சின்னக் குழு நாங்கள். வாரம் ஒரு மாலை உட்கார்ந்து, அமெரிக்க இசைச் சேனல் எம்டிவியின் வீடியோ மியூசிக் அவார்ட்ஸில் (விஎம்ஏ) பரிசு வாங்கிய பாடல்களை ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பார்க்கத் திட்டம். நாற்பது ஆண்டுப் பட்டியலைப் பார்த்தால் எங்கே தொடங்குவது என்று பிடிபடவில்லை. மூன்று சந்தேகங்கள்:

'ஆண்டின் சிறந்த வீடியோ' வரிசையைப் பிடித்துக்கொண்டு போகலாமா, அல்லது வேறு பிரிவுகளா? ஒரு பாட்டுக்கு ஒளிப்பதிவு விருது, அதே ஆண்டு இயக்கத்துக்கான விருது இன்னொரு பாட்டுக்கு என்று போகிறதே, இதை எப்படிப் புரிந்துகொள்வது? பார்ப்பதோடு நிற்காமல் செய்தும் பழக வேண்டும் என்றால், செலவில்லாத உத்தி எது?

கையில் இருப்பவை: விநாடிக்கு 25, 50 ஃபிரேமில் எடுக்கும் மிரர்லெஸ் கேமரா ஒன்று, ட்ரைபாட், இரண்டு எல்இடி விளக்கு, ஒரு ஸ்பீக்கர்.

வெட்டுமேசை:

தொழில்நுட்பப் பிரிவுகளைப் பிடியுங்கள். ஆண்டின் சிறந்த வீடியோ, சிறந்த பாப், சிறந்த புதுமுகம் போன்ற பொதுப் பிரிவுகள் இன்று ரசிகர்களின் இணைய வாக்கில் முடிவாகின்றன. யாருக்கு ரசிகர் பலம் எவ்வளவு என்று அதில் தெரியும், ஷாட் எப்படி வைத்தார்கள் என்று தெரியாது. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, கலை இயக்கம், நடன அமைப்பு, விஷுவல் எஃபெக்ட்ஸ் இந்த ஆறுக்கும் துறைக்குள் இருப்பவர்களே வாக்களிக்கிறார்கள். பெரும்பாலும் இவை நேரலை மேடையில் கொடுக்கப்படுவதில்லை, அறிவிப்போடு முடிந்துவிடும். நிகழ்ச்சியின் உண்மையான மதிப்பு இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. பாடகர் பெயருக்குப் பக்கத்தில் இயக்குநர், ஒளிப்பதிவாளர், எடிட்டர் பெயர் இருக்கும். அந்தப் பெயர்களை வைத்துத் தேடினால் அவர்களுடைய மற்ற வேலைகளும் கிடைக்கும்.

1984 செப்டம்பர் 14, நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால், முதல் விழா. அங்கேயே தொடங்கலாம். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' அன்று ஆண்டின் சிறந்த வீடியோ ஆகவில்லை. அது 'த கார்ஸ்' குழுவின் 'யூ மைட் திங்க்'குக்குப் போனது. 'த்ரில்லர்' வாங்கியது நடன அமைப்பு, ஒட்டுமொத்த நிகழ்த்துதல், பார்வையாளர் தேர்வு என மூன்று. அதிக விருது, ஐந்து, ஹெர்பி ஹான்காக்கின் 'ராக்கிட்'டுக்கு. அதில் படத்தொகுப்பும் கலை இயக்கமும் உண்டு. காட்லி, கிரீம் இருவரும் இயக்கியது. ஒரு வீடு நிறைய ஜிம் வைட்டிங் செய்த இயந்திர உருவங்கள். ஹான்காக் ஒரு டிவி பெட்டிக்குள் மட்டும் தெரிவார். பாட்டில் இசைத்தட்டைக் கீறும் சத்தம் வருகிற இடங்களில் படம் என்ன செய்கிறது என்று பாருங்கள். படத்தொகுப்பு வகுப்புக்கு இதுவே முதல் பாடம்.

பார்க்கும் முறை: முதல் தடவை சத்தத்தோடு. இரண்டாம் தடவை சத்தமில்லாமல், 30 விநாடிக்கு எத்தனை கட் (ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடம்) என்று எண்ணுங்கள். மூன்றாம் தடவை பாட்டின் டெம்போவைக் கண்டுபிடித்து, கட் தாளத்தின் மேல் விழுகிறதா, முன்னால் விழுகிறதா என்று குறியுங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டு அரை விநாடி. 24 ஃபிரேம் டைம்லைனில் (எடிட்டிங் மென்பொருளில் ஷாட்களை அடுக்கும் பட்டை) சரியாக 12 ஃபிரேம். 25-இல் 12.5, அதாவது ஒரு கட் 12-இலும் அடுத்தது 13-இலும் விழ வேண்டும். எல்லாவற்றையும் 12 என்று வைத்துக்கொண்டே போனால் இருபது கட்டில் பத்து ஃபிரேம் விலகிவிடும். ஒவ்வொரு கட்டையும் முந்தைய கட்டிலிருந்து அளக்காமல் பாட்டின் தொடக்கத்திலிருந்து அளந்தால் இந்தப் பிழை வராது.

பழைய வீடியோக்களில் ஒரு சிக்கல் உண்டு. 24 ஃபிரேம் ஃபிலிமில் எடுத்ததை அமெரிக்கத் தொலைக்காட்சியின் 29.97 ஃபிரேமுக்கு ஏற்றியிருப்பார்கள். ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினால் ஐந்தில் இரண்டு, பக்கத்து ஃபிரேமோடு கலந்து சீப்புப் பல் மாதிரி கோடாகத் தெரியும். அதை டிசால்வ் (ஒரு படம் மெல்லக் கரைந்து அடுத்ததாக மாறுவது) என்று எண்ணிவிடாதீர்கள். அதேபோல் 4:3-இல் எடுத்ததை மேல்கீழ் நறுக்கி அகலத் திரைக்கு மாற்றிய பதிப்புகளும் சுற்றுகின்றன. தலைக்கு மேல் இடம் விட்டார்களா என்ற பேச்சே அதில் அர்த்தமில்லாமல் போகும். சதுரத்துக்கு நெருக்கமான பதிப்பையே தேடி எடுங்கள்.

ஒளியளவு:

இரண்டாவது கேள்விக்கு 1997-ஐப் பாருங்கள். ஜாமிராக்வாயின் 'வெர்ச்சுவல் இன்சானிட்டி', ஜொனதன் கிளேசர் இயக்கியது. ஆண்டின் சிறந்த வீடியோ, பிரேக்த்ரூ, ஒளிப்பதிவு, ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் என நான்கு வாங்கியது. இயக்கத்துக்கான விருது பெக்கின் 'த நியூ பொல்யூஷன்' பாட்டுக்கு, இயக்கியவரும் பெக்கே. ஒவ்வொரு பிரிவுக்கும் வாக்கு தனி. ஒரே பாட்டு எல்லாவற்றையும் அள்ள வேண்டும் என்று விதி இல்லை.

'வெர்ச்சுவல் இன்சானிட்டி'யில் தரை ஓடுகிற மாதிரி தெரியும். ஓடியது தரை இல்லை, சுவர். கேமராவைச் சுவரோடு சேர்த்துக் கட்டி, சுவரை நகர்த்தியிருக்கிறார்கள். கேமராவும் சுவரும் ஒன்றாக நகர்வதால் சுவர் நிற்பதாகவும், தரையில் நிற்கும் ஆளும் சோபாவும் நகர்வதாகவும் கண் ஏமாறும். சோபா நகரக் கூடாது என்றால் அதைச் சுவரோடு கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இதைச் சிறிய அளவில் செய்யலாம். எட்டடி உயரப் பிளைவுட் தட்டிகள் மூன்றை 'ப' வடிவில் சட்டத்தில் பூட்டி, கீழே சக்கரம். திறந்த பக்கத்தில் ட்ரைபாடை அதே சட்டத்தில் இறுக்குங்கள். கெட்டுப்போகும் இடம் மூன்று. விளக்கைத் தரையில் நிறுத்தினால் சுவர் நகரும்போது சுவரின் மேல் வெளிச்சமும் நிழலும் வழுக்கும், குட்டு உடைந்துவிடும். விளக்கும் சட்டத்தோடுதான் போக வேண்டும். அடுத்தது சுவருக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளி. தரையில் உரசாத அளவு கனத்த துணி அல்லது ரப்பர் பட்டையைச் சுவரின் நிறத்திலேயே ஒட்டிவிடுங்கள். மூன்றாவது, தள்ளுகிறவர்கள். இருபுறமும் ஒரே வேகத்தில் தள்ளவில்லை என்றால் சட்டம் கோணி கேமரா ஆடும். ஒருவர் எண்ணிச் சொல்ல, மற்றவர்கள் அந்த எண்ணிக்கைக்கு அடியெடுத்து வைக்க வேண்டும்.

விளக்கு குறைவு என்றால் ஆர்இஎம் குழுவின் 'லூசிங் மை ரிலிஜன்' பாருங்கள். 1991-இல் ஆண்டின் சிறந்த வீடியோ, இயக்கம், கலை இயக்கம், படத்தொகுப்பு உட்பட ஆறு விருது. இயக்குநர் தர்செம் சிங், ஜலந்தரில் பிறந்தவர். இத்தாலிய ஓவியர் கரவாஜோவின் ஒளியைப் பின்பற்றிய படம். ஒரு பக்கமிருந்து ஒளி, மறுபக்கம் இருட்டுக்கு விட்டுவிடுவது. உங்கள் இரண்டு எல்இடியில் ஒன்றே இதற்குப் போதும். முகத்துக்குப் பக்கவாட்டில், கண் மட்டத்துக்கு இரண்டடி மேலே வையுங்கள். எதிர்ப்பக்கம் கறுப்புத் துணி கட்டுங்கள். வெள்ளைச் சுவர் உள்ள அறையில் துணி கட்டாமல் எத்தனை விளக்கை அணைத்தாலும் நிழல் கறுக்காது, சுவர் ஒளியைத் திருப்பி அடித்துக்கொண்டே இருக்கும்.

2003-இல் ஒளிப்பதிவு விருது ஜானி கேஷின் 'ஹர்ட்' பாட்டுக்கு, ஜான்-ஈவ் எஸ்கோஃபியேவுக்குப் போனது. ஆண்டின் சிறந்த வீடியோ மிஸ்ஸி எலியட்டின் 'வொர்க் இட்'. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் ஒளிப்பதிவு என்பது பளபளப்பு இல்லை என்று உங்கள் குழுவில் யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

2012-ஐ விட்டுவிடாதீர்கள். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த லண்டன் கலைஞர் மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுகிறவர். அவருடைய 'பேட் கேர்ள்ஸ்' அந்த ஆண்டு இயக்கத்துக்கும் (ரோமான் காவ்ராஸ்) ஒளிப்பதிவுக்கும் (ஆந்த்ரே ஷெமெதோஃப்) விருது வாங்கியது. மொராக்கோவின் வார்சாசாத் பகுதியில் எடுத்தது. ஆண்டின் சிறந்த வீடியோவுக்கும் போட்டியில் இருந்தது, அதை ரிஹானா வாங்கினார். இரண்டு சக்கரத்தில் சாய்ந்து ஓடும் காரை வைட் ஷாட்டில், நிதானமாக, வெட்டாமல் விடுகிறார்கள். சாகசம் உண்மை என்றால் கட் குறைய வேண்டும். கட் கட்டாக வெட்டினால் பார்ப்பவர் அதைத் தந்திரம் என்று எடுத்துக்கொள்வார். சாகசத்துக்கு மட்டுமா? நல்ல நடனக்காரர் கிடைத்தாலும் இதையே செய்யுங்கள், தலை முதல் கால் வரை தெரிய விடுங்கள்.

பின்னோட்டம்:

உங்களிடம் உள்ள சாமான்களுக்கு ஏற்ற பயிற்சி கோல்ட்ப்ளேயின் 'த சயன்டிஸ்ட்'. 2003-இல் இயக்கத்துக்கான விருது, ஜேமி த்ரேவ்ஸ். படத்தில் நடப்பதெல்லாம் பின்னோக்கி ஓடும், பாடகரின் உதடு மட்டும் பாட்டோடு நேராகப் பொருந்தும். கிறிஸ் மார்ட்டின் பாட்டைத் தலைகீழாகப் பாட ஒரு மாதம் பழகினார். உங்களுக்கு ஒரு சரணம் போதும்.

பாட்டை மென்பொருளில் ரிவர்ஸ் செய்து, நான்கைந்து விநாடித் துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டையும் கேட்டுக் காதில் விழுவதைத் தமிழில் எழுதுங்கள். எழுத்தைத் திருப்பினால் தப்பாகிவிடும், ஒலியைத்தான் திருப்ப வேண்டும். 'கடல்' என்பதை க்-அ-ட்-அ-ல் என்று பிரித்துத் திருப்பினால் 'லடக்'. 'அம்மா' என்பது 'ஆம்ம'. நெடில் எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள், வாய் திறந்திருக்கும் நேரம் அதில்தான் இருக்கிறது.

எல்லா ஒலியும் சரியாக வர வேண்டியதில்லை. கேமராவுக்குத் தெரிவது ப, ம-வில் உதடு ஒட்டுவது, வ-வில் கீழுதடு பல்லைத் தொடுவது, ஓ-ஊ-வில் குவிவது, ஆ-வில் திறப்பது. இவை ஃபிரேம் தப்பாமல் விழ வேண்டும். க, ட, ர, ள எல்லாம் வாய்க்குள்ளேயே நடப்பவை, சற்றுத் தவறினாலும் தெரியாது. ஆகவே பாடகருக்குக் கொடுக்கும் தாளில் ப, ம, வ-க்களை மட்டும் சிவப்பில் எழுதுங்கள்.

மூச்சை மறந்துவிடுவார்கள். வரி தொடங்கும் முன் பாடகர் மூச்சு இழுப்பார் இல்லையா? படப்பிடிப்பில் அந்த இடம் வரியின் முடிவில் வரும், அங்கே அவர் மூச்சை விட வேண்டும். திருப்பிப் பார்க்கும்போது அது இழுப்பதாகத் தெரியும். இதைச் செய்யாவிட்டால் உதடு பொருந்தினாலும் ஆள் உயிரில்லாமல் இருப்பார், காரணமும் பிடிபடாது.

படப்பிடிப்பில்:

கிளாப்பைத் தொடக்கத்திலும் முடிவிலும் அடியுங்கள். திருப்பியபின் முடிவுதான் தொடக்கம்.

ஒரு ஷாட் 15 விநாடிக்கு மேல் வேண்டாம். இரு முனையிலும் இரண்டு விநாடி கூடுதலாக ஓடட்டும்.

பின்னணியில் வண்டி, காக்கை, புகை இருந்தால் தலைகீழ் என்பது உடனே தெரியும். மறைக்க வேண்டிய ஷாட்டுக்கு மொட்டைச் சுவர். காட்ட வேண்டிய ஷாட்டில் மணல், தண்ணீர், கிழித்த காகிதம் வையுங்கள். கொட்டிய மணல் கைக்குத் திரும்பி ஏறுவது ஒன்றே ஒரு ஷாட்டுக்குப் போதும்.

நடை: படத்தில் பாடகர் முன்னோக்கி நடக்க வேண்டும் என்றால் எடுக்கும்போது பின்னால் நடக்க வேண்டும். பின்னால் நடப்பவர் தயங்கித் தயங்கி அடி வைப்பார், திருப்பினாலும் நடை விசித்திரமாக இருக்கும். காலைக் காட்டாமல் இடுப்புக்கு மேல் வைப்பதே நல்லது.

எடிட்டிங்கில் ஒரு முன்வேலை: கேமராவிலிருந்து வரும் எச்.264 கோப்பு, முந்தைய ஃபிரேமை நம்பி அடுத்ததைக் கட்டுகிறது. ரிவர்ஸ் போட்டால் கணினி திணறி, டைம்லைன் தாவித் தாவி ஓடும், பொருத்தம் சரியா தவறா என்றே சொல்ல முடியாது. முதலில், ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியே வைத்திருக்கும் ப்ரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவத்துக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

தனிப்பாடல்குழு:

மூவருக்கும் நன்றி. 'லடக்' முறையில் ஒரு வரி எழுதிப் பார்க்கிறோம். இன்னும் இரண்டு: ஆள் ஸ்லோ மோஷனில் நகர்கிறார், உதடு மட்டும் பாட்டோடு சரியாக இருக்கிறது, அதை 50 ஃபிரேமில் எப்படிச் செய்வது? 'ஸ்லெட்ஜ்ஹாமர்' மாதிரி ஸ்டாப் மோஷன் எங்களால் முடியுமா?

ஃபிரேம்கணக்கு:

முதலாவது கணக்கு மட்டும்தான். 50-இல் எடுத்து 25-இல் ஓட்டப் போகிறீர்கள், படம் பாதி வேகம். ஆகவே படப்பிடிப்பில் பாட்டை இருமடங்கு வேகத்தில் ஓட்டுங்கள். நான்கு நிமிடப் பாட்டு இரண்டு நிமிடத்தில் முடியும். பிறகு படத்தைப் பாதி வேகமாக்கி அசல் பாட்டை அடியில் வைத்தால் உதடு பொருந்தும், முடியும் துணியும் மிதக்கும். வேகம் கூட்டும்போது சுருதி மாறாத வசதியை இயக்கிவிடுங்கள், இல்லையென்றால் குரல் ஒரு ஸ்தாயி மேலே போய்ப் பாடகருக்குச் சொல் விளங்காது. வேகமான பாட்டுக்கு இருமடங்கு ஓடாது, நாக்கு புரளாது. 30-இல் எடுத்து 24-இல் ஓட்டினால் பாட்டு 125 சதவீதம் போதும், மிதப்பு லேசாக இருக்கும், பாடுவதும் எளிது.

தவறுகிற இடங்கள்: ஸ்பீக்கர் கேமராவுக்குப் பக்கத்தில், பாடகர் 30 மீட்டர் தள்ளி நின்றால் சத்தம் போய்ச் சேரவே கிட்டத்தட்ட 0.09 விநாடி ஆகும். 50 ஃபிரேமில் அது நான்கு ஃபிரேமுக்கு மேல் தாமதம். ஸ்பீக்கரைப் பாடகரின் காலடியில், ஃபிரேமுக்கு வெளியே வையுங்கள். நாக்ரா ஓட்டுகிறவர் (படப்பிடிப்பில் பாட்டை ஒலிக்கவிடுகிறவர்) ஒவ்வொரு டேக்கிலும் பாட்டுக்கு முன் நான்கு 'பீப்' விட வேண்டும், பாடகருக்கும் அது வேண்டும், பின்னால் பொருத்தவும் உதவும். போனையும் இரண்டாம் கேமராவாக வைத்தால் அதன் ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது, போகப்போக உதடு விலகும். எடுத்ததும் நிலையான வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் உள்ள இடத்தில் ஷட்டர் 1/50 அல்லது 1/100 மட்டும், வேறு வைத்தால் பட்டை பட்டையாக ஓடும்.

அடுத்து பீட்டர் கேப்ரியலின் 'ஸ்லெட்ஜ்ஹாமர்'. 1987 விழாவில் ஒன்பது விருது, ஒரே வீடியோவுக்கு இத்தனை என்பது இன்னும் முறியடிக்கப்படவில்லை. இயக்கம் ஸ்டீபன் ஆர். ஜான்சன், அனிமேஷன் ஆர்ட்மன் நிறுவனமும் குவே சகோதரர்களும். கேப்ரியல் கண்ணாடித் தகட்டுக்கு அடியில் 16 மணி நேரம் படுத்துக்கிடந்தார். உழைப்பின் அளவு தெரிய இன்னொன்று: 1986-இல் ஆறு விருது வாங்கிய ஆ-ஹாவின் 'டேக் ஆன் மீ' பென்சில் காட்சிகளுக்குச் சுமார் 3,000 ஃபிரேம் வரைந்தார்கள், 16 வாரம். அதன் இயக்குநர் ஸ்டீவ் பேரன். அதே ஆண்டு சிறந்த வீடியோ ஆன 'மணி ஃபார் நத்திங்'கும் அவருடையதே.

உங்களால் முடியும், முழுப் பாட்டுக்கு வேண்டாம். 24 ஃபிரேம் டைம்லைனில் ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 படம். நான்கு நிமிடத்துக்கு 2,880. இருபது விநாடித் துண்டு என்றால் 240. ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் நான்கு மணி நேரம். முதலில் பாட்டை டைம்லைனில் வைத்து 1 முதல் 240 வரை எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் எந்த ஒலி, வாய் எப்படி என்று தாளில் எழுதுங்கள். இந்தத் தாள் இல்லாமல் தொடங்கினால் முப்பதாவது படத்திலேயே வாய் தவறும்.

படம் மினுக்குவதுதான் எல்லோருக்கும் வரும் தொல்லை. எக்ஸ்போஷர், வெள்ளைச் சமன், ஃபோகஸ் எல்லாம் மேனுவல். அதற்குப் பிறகும் மினுக்கினால் காரணம் லென்ஸ். ஒவ்வொரு படத்துக்கும் அபெர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) மூடித் திறக்கும்போது நூலளவு வித்தியாசப்படும். முழுதாகத் திறந்தே வைத்து எடுத்தால் அது நிற்கும். ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடுங்கள், மேகம் நகர்ந்தாலும் படத்தில் தெரியும். கேமராவைத் தொடாமல் ரிமோட்டில் இயக்குங்கள், பேட்டரிக்குப் பதில் அடாப்டர் போடுங்கள், நடுவில் பேட்டரி மாற்றினால் கோணம் அசைந்துவிடும். இயக்குகிறவர் கறுத்த சட்டை போட்டு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கட்டும். வெள்ளைச் சட்டை ஒரு நடமாடும் ரிஃப்ளெக்டர்.

மூன்றாம்கேமரா:

எல்லோரும் வீடியோக்களையே சொல்கிறீர்கள். விழா ஒளிபரப்பையே ஒரு மாலை பாருங்கள் என்பேன். பல கேமரா நேரலையைக் கற்க இதைவிட நல்ல பாடம் குறைவு, தவறுகளும் பதிவில் அப்படியே இருப்பதால்.

2003 ஆகஸ்ட் 28, ரேடியோ சிட்டி. மடோனா மேடையில் பிரிட்னி ஸ்பியர்ஸை முத்தமிட்டதும் ஒளிபரப்பு பார்வையாளர் வரிசையில் இருந்த ஜஸ்டின் டிம்பர்லேக் முகத்துக்கு கட் ஆனது. அடுத்த நொடியே மடோனா கிறிஸ்டினா அகிலேராவையும் முத்தமிட்டார். வீட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு அது சரியாகத் தெரியவில்லை. ரியாக்‌ஷன் ஷாட்டுக்கு (பார்ப்பவரின் முகபாவம் காட்டும் ஷாட்) போவது தப்பில்லை, மேடையில் செயல் முடிந்துவிட்டதா என்று தெரியாமல் போவதுதான் ஆபத்து.

உங்கள் ஊரில் மூன்று கேமராவில் மேடை நிகழ்ச்சி எடுத்தாலும் இதே விதி. முதல் கேமரா நடுவில், முழு மேடையும் தெரிய, எந்த நிலையிலும் கலையக் கூடாது. ஆள் எதிர்பாராததைச் செய்தால் ஓடி வந்து நிற்க ஒரு இடம் அது. இரண்டாவது பாடகரின் முகம். மூன்றாவது இசைக்கலைஞரும் கூட்டமும். ஒத்திகையில் பாட்டின் வரிகளை எழுதி, எந்த வரியில் யார் நகர்கிறார் என்று பக்கத்தில் குறியுங்கள். கூட்டத்துக்குப் போகும் கட்டை இசை மட்டும் வரும் இடத்தில் வையுங்கள், வரியின் நடுவில் வேண்டாம். ஸ்விட்சரில் (எந்தக் கேமரா ஒளிபரப்பாக வேண்டும் என்று மாற்றும் கருவி) என்ன கட் போனாலும் மூன்று கேமராவும் தனித்தனியே கார்டில் பதிவாகட்டும். நேரலையில் தவறவிட்டதை இணையப் பதிப்பில் சேர்த்துவிடலாம்.

ஒத்திகையையும் நம்பி இருந்துவிட முடியாது. 1992-இல் நிர்வானா குழுவிடம் வேண்டாம் என்று சேனல் சொன்ன பாட்டை மேடையேறியதும் சில அடிகள் வாசித்துவிட்டு, பிறகே ஒப்புக்கொண்ட 'லித்தியம்' பாட்டுக்கு மாறினார்கள். அதே பாட்டில் கிறிஸ்ட் நோவோசெலிக் மேலே எறிந்த பேஸ் கிட்டார் அவர் நெற்றியிலேயே விழுந்தது. அந்தப் பதிவை எடுத்து, ஒவ்வொரு கட்டும் எந்தக் கேமராவிலிருந்து எங்கே போகிறது என்று மேடையின் வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். வைட் ஷாட்டுக்கு எப்போதெல்லாம் திரும்புகிறார்கள் என்பதைத் தனி நிறத்தில் குறியுங்கள்.